ஊனத்தை அளக்கும் இரு கோல்கள்

போர்க்களத்தில் உயிர் துறந்த வீரனுக்கு நாடு செய்யவேண்டிய கடமை எளிதில் விளங்குவதாகும். அவன் பெயரை நிலைநிறுத்துதலும், அவனை நம்பியிருந்தோரைக் காப்பாற்றுதலுமே அக்கடமை. ஆனால், உயிரோடு வீடு திரும்பியும், முன்போல் உழைத்து உண்ண இயலாமல் வருந்தும் வீரனுக்கு நாடு யாது செய்தல் வேண்டும்? அவன் இழந்ததை எக்கோல் கொண்டு அளத்தல் வேண்டும்? அவன் இழந்த உறுப்பு எதுவென்று கேட்பதா? அன்றி, அவன் இழந்த பிழைப்பு எத்துணையென்று கேட்பதா? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. இவற்றின் வேற்றுமையை நன்கு உணர்த்தவல்லது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முன்னாட் படைவீரர் பொருட்டு வழங்கிவரும் ஊன ஈட்டுச் சட்டம். அதன் போக்கினையும், உழைக்க இயலாத வீரன் அதன் வழியே தன் உரிமையை அடையும் முறையினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அச்சட்டம் ஊனத்தை அளப்பதற்கு இரு கோல்களை வைத்திருக்கிறது. ஒன்றைப் பொதுக்கோல் என்றும், மற்றொன்றைத் தனிக்கோல் என்றும் நாம் வழங்கலாம். பொதுக்கோல் சராசரி மனிதன் ஒருவனை மனத்தில் வைத்து அளப்பது. தனிக்கோல், விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் அந்த ஒருவனையே நோக்கி அளப்பது. வேலை செய்ய இயலாது நிற்பவனுக்குப் பல வேளைகளில் இரண்டாவது கோலே கைகொடுப்பது. எனினும், அஃது உளதென அறியாதவன் அதனைக் கேட்கவும் அறியான்.

1. பொதுக்கோலின் வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1862-ம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், உடலுழைப்புக்கு முற்றிலும் தகுதியிழந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் என்றும், லெப்டினென்ட் கர்னலுக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும் மாதம் 30 டாலர் என்றும் வரையறுத்தது. அதாவது, ஒரே பீரங்கிக் குண்டு இருவர் கால்களையும் கொண்டுபோயினும், அக்கால்களின் விலையை அவரவர் பதவியே நிர்ணயித்தது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா புகுந்த 1917-ம் ஆண்டில் வேறொரு கொள்கை தோன்றியது. ஊனம் ஒவ்வொன்றும் குடிவாழ்க்கைத் தொழில்களில் ஒருவனுடைய சம்பாதிக்கும் திறனைச் சராசரியாக எவ்வளவு குறைக்கும் என்று கணித்து, அதற்கேற்ப ஈடு வழங்கவேண்டும் என்பதே அது. முன்னாட் படைவீரர் நலத்துக்காகத் தனித்தனியே இயங்கிய அலுவலகங்கள் 1930-ல் ஒரே நிர்வாகத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டன. அந்நிர்வாகம் 1989-ல் மந்திரிசபைத் தகுதியுடைய இலாகாவாக உயர்ந்தது. இன்று வழங்கும் ஊன அட்டவணைக்கு அடிப்படையாயுள்ளது 1945-ம் ஆண்டில் வகுக்கப்பெற்ற அட்டவணையாகும். அது பின்னர்ப் பகுதி பகுதியாகத் திருத்தப்பெற்று வருகிறது.

அவ்வட்டவணையில் ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் அதன் கடுமைக்கேற்ப நூற்றுக்கு 10 முதல் 100 வரை வீதங்கள் குறிக்கப்பட்டுள்ளன. விரல்களை இழந்தவன் கடிகாரம் பழுதுபார்ப்பவனாயினும், பள்ளியில் பாடம் சொல்லுபவனாயினும் வீதம் ஒன்றே. இம்முறையில் ஒரு பெருநன்மை உண்டு. காயமுற்ற வீரன் தன் முயற்சியால் நல்ல உத்தியோகம் தேடிக்கொண்டாலும், அட்டவணை வீதத்துக்குரிய ஈடு அவனுக்குக் குறைவதில்லை. முயற்சிக்குத் தண்டனை இல்லை. ஆயின், இம்முறையில் ஒரு குறையும் உண்டு. கடிகாரத் தொழிலாளிக்கு விரல்களே முதல். அவற்றை இழந்தவனை நோக்கிச் சராசரி மனிதனைக் காட்டி ஆறுதல் கூறின், அவன் வீட்டில் அடுப்பு எரியுமோ?

2. கூட்டினும் கூடாத கணக்கு

ஒருவனுக்குப் பல ஊனங்கள் இருப்பின் அவற்றின் வீதங்களை நாம் பள்ளியிற் கற்ற முறைப்படி கூட்டுவதில்லை. இது முதலில் வியப்பைத் தரினும், இதற்கும் ஒரு நியாயம் கூறப்படுகிறது. மனிதனுடைய முழுத்திறனை நூறு என்று கொண்டு, பெரிய ஊனத்தை முதலிற் கழித்து, எஞ்சிய திறனிலிருந்தே அடுத்த ஊனத்தைக் கழிப்பர்.

ஓர் உதாரணம் காண்போம். போரின் கொடுமையால் மனநோய் எய்தியவன் ஒருவன். அதற்கு நூற்றுக்கு 50 வீதம். அவனுக்கே கடும் ஒற்றைத் தலைவலி, அதற்கு 30. முதுகிலும் காயம், அதற்கு 20. நம் கணக்கின்படி இவை மூன்றும் சேர்ந்து 100. இலாகாவின் கணக்கோ வேறு. முதலில் 50 போக, எஞ்சிய திறன் 50. அந்த 50-இல் நூற்றுக்கு 30 என்பது 15. ஆகவே ஊனம் 65, எஞ்சிய திறன் 35. அந்த 35-இல் நூற்றுக்கு 20 என்பது 7. ஆகவே ஊனம் 72. இறுதியில் அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்க, கிடைப்பது 70.

எழுபதுக்கும் நூறுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. மனைவி மக்கள் இல்லாத தனியாளுக்கு 100 வீதத்துக்குரிய மாதத்தொகை, 70 வீதத்துக்குரியதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. மேற்கூறிய மனிதன் இரவில் உறக்கமின்றியும், பகலில் தலைநோவால் இருட்டறையில் கிடந்தும், ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார இயலாமலும் இருப்பானாயின், அவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? எழுபது வீதம் ஊனமுற்றவனுக்கு முப்பது வீதம் வேலை கொடுப்பாரும் உண்டோ? இவ்விடத்திலேதான் பொதுக்கோல் தன் எல்லையை அடைகிறது.

3. தனிக்கோல்

இக்குறையை நீக்கும்பொருட்டு 1930-களிலேயே ஒரு விதி ஏற்பட்டது. அதனைத் தனியாள் இயலாமை விதி என்று கூறலாம். அதன் கருத்து யாதெனின், அட்டவணைப்படி ஒருவன் 100 வீதத்தை எட்டாவிடினும், படைச்சேவையில் நேர்ந்த ஊனங்களின் காரணமாகவே வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம் தரும் நிலையான வேலையைச் செய்ய அவனால் இயலாதாயின், அவனுக்கு 100 வீதத்துக்குரிய தொகையையே வழங்கலாம் என்பதாம்.

இவ்விதியின் வாயில் இருவகைப்பட்டது. ஒரே ஊனம் உடையவனாயின் அதன் வீதம் 60-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். பல ஊனங்கள் உடையவனாயின், அவற்றுள் ஒன்றேனும் 40-க்குக் குறையாமலும், அனைத்தும் சேர்ந்து 70-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். நம் உதாரண மனிதன் இரண்டாம் வாயிலாற் புகத்தக்கவன். அவனுக்கு 50 வீதமுள்ள ஊனமும் உண்டு, கூட்டு வீதமாகிய 70-உம் உண்டு. ஒரே விபத்தில் நேர்ந்த பல காயங்களையும், ஒரே உடலுறுப்பு மண்டலத்தைப் பற்றிய பல நோய்களையும் இவ்வளவுக்காக ஒரே ஊனமாகக் கொள்ளலாம் என்பதும் விதியின் ஒரு கூறு. வீதம் இவ்வெல்லைகளை எட்டாதவனுக்கும் கதவு முற்றிலும் அடைபடவில்லை. அவன் உண்மையிலேயே உழைக்க இயலாதவனாயின், அவன் வழக்கைத் தலைமை அலுவலகத்தின் தனி ஆய்வுக்கு அனுப்பவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

தனிக்கோல் எவற்றை எண்ணும், எவற்றை எண்ணாது என்பதை அறிதல் இன்றியமையாதது. அவன் பெற்ற கல்வியையும், பழகிய தொழிலையும் அது எண்ணும். கட்டடம் கட்டியே பிழைத்த கொத்தனார் ஒருவருக்கு முழங்கால்கள் பழுதாயின், “நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதலாமே” என்று கூறிவிடுதல் எளிது. கணக்கெழுதும் பயிற்சி அவருக்கு உண்டா என்பதையும் ஆராய்ந்தே முடிவு கூறவேண்டும். ஆனால், முதுமையை அது எண்ணாது. படைச்சேவையோடு தொடர்பில்லாத பிற நோய்களையும் எண்ணாது. ஊரில் வேலை அகப்படவில்லை என்பது மாத்திரம் போதிய காரணமாகாது என்று 1993-ல் வழக்குமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. வேலை கிடைக்குமா என்பதன்று வினா. வேலைக்கு வேண்டிய உடற்செயலையும் மனச்செயலையும் அவனால் ஆற்ற இயலுமா என்பதே வினா.

சிறிது சம்பாதிப்பவன் எல்லாம் இவ்வுரிமையை இழப்பான் என்று எண்ணுதல் தவறு. அரசாங்கக் குடிக்கணக்கு அலுவலகம் தனியாளுக்கு வகுத்துள்ள வறுமை வரம்புக்கு மேற்படாத ஆண்டு வருமானத்தை இவ்விதி முழுவேலையாகக் கருதுவதில்லை. வருமானம் அவ்வரம்பைக் கடந்தாலும், குடும்பத்தாரது கடையிலோ, ஊனமுற்றோருக்கென அமைந்த தொழிற்சாலையிலோ பிறருடைய பரிவினால் மாத்திரம் நடைபெறும் வேலையாயின், அதையும் அவ்வாறே கொள்ள இடமுண்டு.

4. விண்ணப்பமும் சாட்சியமும்

உரிமை சட்டப் புத்தகத்தில் இருத்தல் வேறு. அதனைக் கைப்பற்றுதல் வேறு. கைப்பற்றுதற்கு முதற்படி சேவைத் தொடர்பை நிறுவுதல். இதற்கு மூன்று செய்திகள் வேண்டும்: இன்று ஓர் ஊனம் இருத்தல், சேவைக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியோ நோயோ காயமோ நேர்ந்திருத்தல், இவ்விரண்டையும் இணைக்கும் வைத்திய அபிப்பிராயம். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிடில் மனு தள்ளுண்ணும்.

சில நோய்களுக்கு இவ்விணைப்பைச் சட்டமே ஊகித்துக்கொள்ளும். வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட இலையுதிர்ப்பு நஞ்சினால் விளைந்த நோய்கள் குறித்து 1991-லும், பிற்காலப் போர்களில் குப்பை எரிகுழிகளின் நச்சுப்புகை முதலியவற்றால் விளைந்தவை குறித்து 2022-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் இத்தகையன.

பழைய வீரர்க்குப் பதிவேடுகள் கிடையாமற்போதலும் உண்டு. 1973-ம் ஆண்டு ஜூலையில் செயின்ட் லூயி நகரத்துப் பதிவேட்டு நிலையத்தில் நேர்ந்த தீயினால், ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை படைவீரர் பதிவேடுகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியோரின் ஏடுகளில் நூற்றுக்கு 80 அத்தீயில் மறைந்தன. அத்தகையோர் பழைய கடிதங்களையும், உடன் பணியாற்றிய நண்பர்களின் எழுத்து மூலமான வாக்குமூலங்களையும் சாட்சியமாகத் தரலாம். சாதகமும் பாதகமுமாகிய சாட்சியங்கள் ஏறக்குறையச் சமநிலையில் நிற்குமாயின், ஐயத்தின் பயன் வீரனுக்கே சேரவேண்டும் என்பது இச்சட்டத்தின் உயிர்நாடியான கொள்கை. குற்றவாளிக்கு ஐயத்தின் பயனைத் தரும் வழக்கு நாம் அறிந்ததே. இங்கு அது காயமுற்றவனுக்குத் தரப்படுகிறது.

சேவைத் தொடர்பு நிறுவிய பின்னர், இயலாமையைக் காட்டுதல் இரண்டாம் படி. இதற்கென 21-8940 என்னும் எண்ணுள்ள படிவம் உண்டு. அதில் கடைசியாக வேலை பார்த்த ஐந்தாண்டுகளின் விவரமும், கல்வியும், வேலையை விட்ட நாளும் காரணமும் எழுதவேண்டும். முன்னாள் முதலாளிகள் நிரப்பவேண்டிய படிவம் வேறு. அதன் எண் 21-4192. எத்தனை நாள் வரவில்லை, என்ன சலுகைகள் அளிக்கப்பட்டன, ஏன் விலக நேர்ந்தது என்பன இவற்றால் வெளியாகும்.

வைத்தியர் எழுதும் கடிதமே பெரும்பாலும் வழக்கின் அச்சாணி. “இவர் வேலை செய்ய இயலாதவர்” என்ற ஒற்றை வாக்கியம் வலிமையற்றது. எத்தனை நிமிடம் நிற்கவோ உட்காரவோ முடியும், எவ்வளவு பாரம் தூக்கலாம், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையில் கிடக்க நேரிடும், பிறரோடு பழகுதலிலும் கட்டளையை நினைவிற் கொள்ளுதலிலும் என்ன தடை உண்டு, இவை எந்தச் சேவை ஊனத்தால் விளைந்தன என்று பிரித்துக் காட்டும் கடிதமே பயன்படும். இலாகா ஏற்பாடு செய்யும் வைத்தியப் பரிசோதனைக்குத் தவறாது செல்லுதலும் வேண்டும். அங்குத் துன்பத்தைப் பெருக்கிக் கூறுதல் பொய். “நலமாயிருக்கிறேன்” என்று வழக்கமான மரியாதைக்குச் சொல்லுதலும் பொய்யே. படைவீரர் பலர் பொறுத்துப் பழகியவராதலின், இரண்டாவது பிழைக்கே மிகுதியும் ஆளாவர்.

நாளும் ஒரு செல்வம். ஈட்டுப்பணம் பொதுவாக விண்ணப்பம் சேர்ந்த நாளை ஒட்டியே கணக்கிடப்படும். ஆதலால், முழு மனுவும் ஆயத்தமாகாவிடினும், மனுச் செய்யும் எண்ணத்தை முன்னரே அறிவித்து அந்நாளைக் காத்துக்கொள்ளலாம். அதன்பின் மனுவை நிறைவுசெய்ய ஓராண்டு தவணை உண்டு.

5. வேறொரு வாயில்

நிற்க. இவ்வீரனுக்கு மற்றோர் இலாகாவின் வாயிலும் திறந்திருக்கலாம். தொழில் செய்து வரி செலுத்தியோருக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் 1956-ம் ஆண்டு முதல் ஊனமுற்றோருக்கும் இடம் உண்டு. ஆனால், அங்குள்ள கோல் வேறு. அங்கு வீதம் இல்லை; இயலாமை முழுமையாக இருத்தல் வேண்டும், ஓராண்டேனும் நீடிக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். நோய் படைச்சேவையால் வந்ததா என்ற வினா அங்கு எழாது. எல்லா நோய்களும் எண்ணப்படும். முதுமையும் எண்ணப்படும். ஆகவே, ஓரிடத்தில் வென்றவன் மற்றோரிடத்தில் தோற்றலும் இயல்பு. ஒன்றன் தீர்ப்பு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் ஏடுகள் சாட்சியமாக உதவும். தகுதியிருப்பின் இரண்டையும் ஒருங்கே பெறலாம். ஒன்றைப் பெற்றதனால் மற்றொன்று குறைவதில்லை.

6. மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதம் வந்தவுடன் மனந்தளர்ந்து அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுதலே பெருங்கேடு. 2017-ல் இயற்றப்பெற்று 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. புதியதும் பொருத்தமானதுமான சாட்சியம் உடையவன் துணைமனு இடலாம். சாட்சியம் போதியதாயிருந்தும் தீர்ப்புப் பிழைபட்டதென்று கருதுபவன், புதிய சாட்சியம் எதுவுமின்றி, மேற்பட்ட அதிகாரியின் மறுபார்வையைக் கோரலாம். மூன்றாவது, மேல்முறையீட்டு வாரியத்துக்குச் செல்லுதல். எவ்வழியிற் செல்லினும், தீர்ப்புக் கடிதத்தின் நாளிலிருந்து ஓராண்டுக்குள் அடியெடுத்து வைப்பவனுக்கே முதல் விண்ணப்ப நாளின் பயன் நிலைக்கும்.

வாரியமும் மறுத்தால் 120 நாட்களுக்குள் வழக்குமன்றத்தை அடையலாம். இம்மன்றம் 1988-ம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்குமுன் இத்தீர்ப்புகளின்மேல் நீதிமன்ற முறையீடு பெரும்பாலும் இல்லாதிருந்தது என்பதை எண்ணினால் இதன் அருமை புலப்படும். தனியாள் இயலாமை என்பது முற்றிலும் வேறானதொரு மனுவன்று, ஊன வீதத்தைக் கேட்கும் மனுவின் ஒரு பகுதியே என்று 2009-ல் தீர்ப்பளித்ததும் இம்மன்றமே. ஆதலின், வீதத்தை உயர்த்தக் கேட்டவன் தன்னால் உழைக்க இயலவில்லை என்பதற்குச் சாட்சியமும் காட்டியிருப்பின், அதனை ஆராயாது விடுதல் முறையன்று.

இப்பாதையில் தனியே நடக்கவேண்டுவதும் இல்லை. 1919-ல் தோன்றிய அமெரிக்கன் லீஜன், 1920-ல் தோன்றிய ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம் முதலியவற்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் கூலியின்றி உதவுகின்றனர். முதல் தீர்ப்பு வெளிவருமுன் மனுவை ஆயத்தம் செய்தற்கு வக்கீல்கள் கூலி பெறச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே, தொடக்கத்திலேயே பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

வெற்றி பெற்றவனும் விதியை மறத்தலாகாது. மீண்டும் வேலைக்குச் சென்றால் அதனை மறையாது அறிவித்தல் வேண்டும். ஆயினும், அவன் வேலைக்குத் திரும்பிய மறுநாளே ஈட்டைப் பறிப்பதில்லை. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் அவ்வேலையில் நிலைத்தாலன்றி, அவ்வேலை ஒன்றையே காரணமாகக் காட்டி வீதத்தைக் குறைத்தல் கூடாது. முயன்று பார்க்கும் துணிவைச் சட்டம் இங்ஙனம் காக்கிறது.

7. இதனால் அறியத்தக்கது

பல்லாயிரவருக்குப் பொதுவாக விதி செய்யும் எந்த அரசாங்கமும் சராசரியைக் கொள்ளாது இயங்க இயலாது. ஆனால், சராசரி மனிதன் எவ்வூரிலும் குடியிருப்பவனல்லன். அவனுக்குப் பசியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பசியும் பிள்ளைகளும் உடைய ஒருவன் வாயிலில் வந்து நிற்கும்போது, பொதுக்கோலை ஒருபுறம் வைத்துவிட்டுத் தனிக்கோலை எடுக்கும் மனம் சட்டத்துக்கு வேண்டும். அம்மனம் இச்சட்டத்தில் உண்டு.

அக்கோலும் தானே வந்து அளக்காது. அதை இயக்குபவை வைத்தியர் எழுதும் தெளிவான கடிதம், முதலாளி நிரப்பும் உண்மையான படிவம், எழுத்தர் ஒழுங்காகக் காத்த ஏடு, நண்பன் நினைந்து எழுதும் வாக்குமூலம் ஆகிய இவையே. நம் மாணவருள் சிலர் நாளை வைத்தியராவர், சிலர் எழுத்தராவர், சிலர் பிறருக்கு வேலை கொடுப்போராவர். எந்நாட்டில் எவ்வலுவலில் அமர்ந்திருப்பினும், ஊனமுற்ற ஒருவன் கையெழுத்து வேண்டி ஒரு தாளை நீட்டும்போது, அதில் நாம் எழுதும் நான்கு வரிகள் அவன் குடும்பத்தின் ஆண்டுக்கணக்கான உணவாகலாம் என்பதை நினைவிற் கொண்டு எழுதுவோமாக.